நாவலரின் துணிவும் நம்பிக்கையும்

இறைவனை நம்பிச் செய்யுந் துணிவு வேறு. ஆராயாது செய்யுந் துணிவு வேறு. ஆராயாதவன் வரப்போகும் இடரை அறியாமையால் அஞ்சாதிருக்கின்றான். நம்பியவனோ வரத்தக்க இடர்களையெல்லாம் எண்ணிப் பார்த்து, தன்னால் இயல்வதை முற்றச் செய்து, இயலாததை இறைவன் திருவடியில் வைத்துவிட்டு அடியெடுத்து வைக்கின்றான். புறத்தே நின்று பார்ப்பவர்க்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலின், ஒருவர் செய்த துணிவு எத்தகையது என அறிய விரும்புவோர் இரண்டினை நோக்குதல் வேண்டும். அச்செயலுக்கு முன்னர் அவர் செய்த ஆயத்தம் ஒன்று. கருதிய பயன் கைகூடாதபோது அவர் நடந்துகொண்ட முறை மற்றொன்று. இவ்வாறு அளந்தறியத் தக்க நிகழ்ச்சியொன்று யாழ்ப்பாண வரலாற்றில் உண்டு. 1848ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்திலே, நல்லூரைச் சேர்ந்த இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் வெஸ்லியன் மிசன் பாடசாலையில் தாம் வகித்த ஆசிரியப் பதவியை விட்டு நீங்கினார். பின்னர் ஆறுமுக நாவலர் எனத் தமிழுலகம் போற்றியவர் அவரே.

அக்கால யாழ்ப்பாணத்தின் நிலையை அறிந்தாலன்றி இச்செயலின் அருமை புலப்படாது. 1814ஆம் ஆண்டில் வெஸ்லியன் மிசனாரும், 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனாரும், 1818ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபை மிசனாரும் இங்கே தம் பணியைத் தொடங்கினர். ஊர்தோறும் பாடசாலைகள் எழுந்தன. 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனார் அமைத்த செமினரி ஆங்கிலம், கணிதம், வானநூல் முதலியவற்றை உயர்ந்த தரத்திற் கற்பித்தது. 1841ஆம் ஆண்டில் ‘உதயதாரகை’ப் பத்திரிகை வெளிவந்தது. இவற்றால் நாடு அடைந்த நன்மை பெரிது; அதனை மறைத்தல் வரலாற்றுக்கு அடாது. ஆயினும் அந்நன்மைகள் தனித்து வரவில்லை. கல்வியோடு மதபோதனையும் வந்தது. ஆங்கிலம் கற்றவனுக்கே அரசாங்க உத்தியோகம். ஆங்கிலம் கற்பிக்கும் இடமோ மிசன் பாடசாலை. பிள்ளையின் பிழைப்பா, பரம்பரைச் சமயமா என்னும் வினா சைவப் பெற்றோர் பலரின் உள்ளத்தை வருத்தியது. சைவரிடத்தே திண்ணைப்பள்ளிகள் இருந்தன, ஓலைச்சுவடிகள் இருந்தன, இலக்கண இலக்கியங்களிற் றுறைபோகிய புலவர்களும் இருந்தனர். இல்லாதன எவையெனின், வகுப்பு முறையில் அமைந்த பாடசாலையும், சிறுவர் கையிற் கொடுத்தற்குரிய அச்சுப் புத்தகமும், அவ்விரண்டையும் உண்டாக்குதற்கு முன்வரும் ஒருவருமே.

ஆறுமுகனார் 1822ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 18ஆந் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் புதல்வராய்ப் பிறந்தார். தந்தையார் தமிழறிஞர், நாடகங்கள் பல இயற்றியவர். மகனுக்கு ஒன்பது வயதானபோது அவர் காலமானார். பின்னர் சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராச முதலியாரிடத்தும் இலக்கண இலக்கியங்களைக் கற்ற ஆறுமுகனார், ஆங்கிலக் கல்வியின்பொருட்டு வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் சேர்ந்தார். அங்கே தலைமை வகித்தவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார். மாணவனின் கூர்மதியைக் கண்டுகொண்ட அவர், படிப்பு முடிந்ததும் அப்பாடசாலையிலேயே அவரை ஆசிரியராக்கினார். தமக்குத் தமிழ்ப் பண்டிதராகவும் அமர்த்திக்கொண்டார்.

பேர்சிவல் பாதிரியார் அக்காலத்திலே விவிலிய நூலைத் தமிழிற் றிருத்தமுற மொழிபெயர்க்கும் பெரும்பணியை மேற்கொண்டிருந்தார். அப்பணிக்குத் துணைநின்றவர் ஆறுமுகனாரே. மொழிபெயர்ப்பை அறிஞர் முன் வைத்துத் தெளிதற்பொருட்டு இருவரும் சென்னைக்குச் சென்றனர் என்பதும், ஆங்கே மழவை மகாலிங்கையர் அதன் நடையை மெச்சினர் என்பதும் நாவலர் வரலாறு எழுதியோர் கூறும் செய்திகள். திருநீறணிந்த சைவர் ஒருவர் கிறித்தவ வேதத்தைத் தமிழாக்கத் துணைபுரிந்தமையும், அவரது சமயப்பற்றை அறிந்திருந்தும் பாதிரியார் அவரை மதித்துத் தம் அருகே வைத்துக்கொண்டமையும் இருவர்க்கும் பெருமை தருவன. பகையினாலோ அவமதிப்பினாலோ ஆறுமுகனார் அவ்விடத்தை விட்டு நீங்கினாரல்லர். அன்பும் மதிப்பும் ஊதியமும் ஒருங்கே கிடைத்த இடத்தை விட்டே நீங்கினார். வெறுத்ததைத் துறத்தல் எளிது. விரும்பத்தக்கதைத் துறத்தலே அரிது.

விவிலியப் பணி அவருக்கு மற்றொரு பயனையும் தந்தது. கிறித்தவர் தம் சமயத்தை எவ்வாறு பரப்புகின்றனர் என்பதை அவர் உள்ளிருந்தே கண்டார். வாரந்தோறும் நிகழும் பிரசங்கம், வினாவிடை முறையில் அமைந்த சிறு நூல், தெருவிலே கொடுக்கும் துண்டுப்பிரசுரம், ஒழுங்கான பாடசாலை, இவற்றுக்கெல்லாம் உறுதுணையாகிய அச்சியந்திரம் என்பன அவர் கண்ட கருவிகள். தம் சமயத்தார் தாழ்ந்திருப்பதற்குக் காரணம் கொள்கையின் குறையன்று, கற்பிப்பார் இல்லாத குறையே என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

அம்முடிவுக்கு வந்த மறுநாளே அவர் பதவியைத் துறந்துவிடவில்லை. 1846ஆம் ஆண்டளவிலே தம் இல்லத்தில் மாணவர் சிலரைச் சேர்த்து, காலையிலும் இரவிலும் வேதனம் பெறாது கற்பிக்கத் தொடங்கினார். பகலிலே மிசன் பாடசாலையில் ஆசிரியர். மற்றை வேளையிலே தம் வீட்டில் ஆசிரியர். பிற்காலத்திலே தம் பாடசாலையில் ஆசிரியராதற்கு உரியோரை அவர் அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார். அடுத்து, 1847ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே முதற் சைவப்பிரசங்கத்தைச் செய்தார். அன்றுதொட்டு வெள்ளிதோறும் பிரசங்கம் நிகழ்ந்தது. நல்லூர்க் கார்த்திகேய ஐயர் அவருடன் துணைநின்றார். கேட்போர் கூட்டம் பெருகியது. புலாலையும் மதுவையும் விடுத்தோர் உளர். கோயில்களிலே உயிர்ப்பலியிடுதல் தகாதென உணர்ந்தோர் உளர். சிவதீட்சை பெற விரும்பினோர் உளர். தாம் சொல்வதை ஏற்றுக்கொள்ளும் மக்கள் உளர் என்பது இவற்றால் அவருக்குத் தெளிவாயிற்று.

1848ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிற்று. அதற்கடுத்த மாதத்தில் அவர் மிசன் பதவியினின்றும் விலகினார். பேர்சிவல் பாதிரியார் அவரைப் பிரிய மனமின்றித் தடுத்தார் என்றும், ஊதியத்தை உயர்த்துவதாகக் கூறினார் என்றும் சொல்வர். ஆறுமுகனார் தம் முடிவை மாற்றவில்லை.

அவர் துறந்தவை எவை என்பதை அவரே பின்னாளில் வெளியிட்ட விக்கியாபனமொன்றில் எடுத்துரைத்துள்ளார். தம்மிலும் குறைந்த கல்வியுடையோர் உத்தியோகம் பெற்று வாழ்ந்த காலத்திலே தாம் உத்தியோகத்தை நாடாது விட்டமையும், இந்நாட்டு வழக்கின்படி சீதனத்தோடு இல்லறம் புகுதற்கு இடமிருந்தும் அதில் விருப்பங்கொள்ளாமையும் அங்கே கூறப்படுகின்றன. இவற்றுக்கெல்லாம் காரணம், சைவத்தையும் தமிழ்க் கல்வியையும் வளர்த்தல் வேண்டும் என்னும் ஆசையொன்றே என்பது அவர் கூற்றின் சாரம். ஊதியம், உத்தியோகம், இல்லறம், சொத்து என மனிதர் தம் முதுமைக்குக் காவலாகக் கருதுவன யாவும் அவரால் ஒரே காலத்தில் விடப்பட்டன.

ஒருவர் தாம் மட்டும் வறுமையை ஏற்பது ஒருவகைத் துணிவு. பாடசாலை ஒன்றை அமைத்துப் பிள்ளைகளை ஏற்றுக்கொள்வது அதனினும் பெரிய துணிவு. ஏனெனின் அது வீழ்ந்தாற் பிள்ளைகளும் பெற்றோரும் ஏமாற்றம் அடைவர். வண்ணார்பண்ணைப் பாடசாலையோ கட்டணம் பெறாத பாடசாலை. அதற்கெனச் சேர்த்துவைத்த மூலதனம் இல்லை. அரசினரின் கல்விப் பணம் யாழ்ப்பாணத்திலே பெரும்பாலும் மிசன் பாடசாலைகளுக்கே சென்றது. 1869ஆம் ஆண்டிலே பொதுக்கல்வித் திணைக்களம் அமைந்து உதவிநன்கொடை முறை சீராகிய பின்னரே சைவப் பாடசாலைக்கு அவ்வுதவி கிட்டியது. அஃதாவது, தொடங்கிய நாளிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அப்பாடசாலை சைவ மக்கள் மனமிரங்கி ஈந்த பொருளாலும், ஊதியத்தைப் பொருட்படுத்தாத ஆசிரியர்களின் உழைப்பாலுமே நடைபெற்றது. அடுத்த மாதச் செலவுக்கு வழி என்னவென்று தெரியாத நிலையிலே இருபது ஆண்டு ஒரு பாடசாலையை நடத்துதல், ஒருநாட் பதவியைத் துறப்பதினும் கடினமானது. துறவு ஒரு கணத்திற் செய்யப்படுவது. நம்பிக்கையோ நாடோறும் புதுப்பிக்கப்பட வேண்டுவது.

பாடசாலை நடைபெற்றால் மட்டும் போதாது, பாடநூலும் வேண்டும் என்பதை உணர்ந்த ஆறுமுகனார், 1849ஆம் ஆண்டிலே அச்சியந்திரம் வாங்குதற்பொருட்டுத் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் கடல் கடந்து தமிழகம் சென்றார். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்திற் பிரசங்கம் செய்தபோது, அவரது நாவன்மையை வியந்த ஆதீனத்தார் ‘நாவலர்’ என்னும் பட்டத்தை அளித்தனர். சென்னையில் நூல்களை அச்சிட்டு, அச்சியந்திரத்தோடு மீண்ட அவர், வண்ணார்பண்ணையில் வித்தியானுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாலபாடங்கள் வெளிவந்தன. 1852ஆம் ஆண்டிலே பெரியபுராணத்தை வசனநடையில் எழுதி வெளியிட்டார். புலவர் மட்டுமே பயின்ற அடியார் வரலாறு அன்றுமுதல் எழுத்தறிந்த எளியோர்க்கும் உரியதாயிற்று. 1854ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘சைவதூஷண பரிகாரம்’ மிசனாரின் கண்டனங்களுக்கு மறுமொழி கூறியது. சைவக் கிரியைகளை இகழ்ந்தோர்க்கு அவர்தம் வேதத்திலேயே ஒப்பான கிரியைகள் உள்ளன என எடுத்துக்காட்டும் வன்மை, முன்னர் விவிலியப் பணியிலே பெற்ற அறிவினால் வந்ததாகும்.

இப்பணிகளுக்கு எதிர்ப்பு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எழவில்லை. மிசனார் எதிர்த்தது இயல்பு. சைவருள்ளேயும் பலர் அவரை வெறுத்தனர். கோயில்களிலே பொதுமகளிர் ஆடலையும் வாணவேடிக்கையையும் கண்டித்தார். ஆகமம் கல்லாத குருக்கள்மாரைக் கண்டித்தார். தம் ஊராகிய நல்லூரின் கந்தசுவாமி கோயிலே ஆகமவிதிப்படி அமையவில்லை என வெளிப்படையாக எழுதினார். தமக்குப் பொருளுதவி செய்யக்கூடிய செல்வரும் கோயில் அதிகாரிகளும் இவற்றாற் சினங்கொள்வர் என்பதை அவர் அறியாதவரல்லர். பாடசாலைக்குப் பணம் வேண்டும் என்பதற்காக உண்மை எனத் தாம் கொண்டதை மறைப்பாராயின், அவர் நம்பியது இறைவனையன்று, செல்வரையே என்றாகிவிடும். நட்டம் வரும் என்றறிந்தும் வாய்திறந்த இவ்விடத்திலேதான் அவரது நம்பிக்கையின் தன்மை தெளிவாகப் புலப்படுகின்றது.

இனி, கைகூடாத முயற்சிகளை நோக்குதல் வேண்டும். தமிழ்ப் பாடசாலை மட்டும் இருந்தாற் சைவப் பிள்ளைகள் ஆங்கிலத்திற்காக மிசன் பாடசாலையை நாடுவர் என்பதை உணர்ந்த நாவலர், 1872ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். போதிய பொருள் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டளவில் அது மூடப்பட்டது. அதே 1872ஆம் ஆண்டிலே ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ என்னும் பிரசுரத்தில், போர்த்துக்கேயர் காலத்தில் அழிக்கப்பட்டுக் காடுமண்டிக் கிடந்த மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தை மீளக் கட்டுதல் வேண்டும் எனச் சைவ மக்களுக்கு விண்ணப்பஞ் செய்தார். நாயன்மார் பாடிய தலம் இந்நாட்டிலே இருந்தும் அதனைப் பேணுவார் இல்லையே என்பது அவருக்கு ஆறாத் துயர். ஆயினும் அவர் வாழ்நாளில் அவ்விண்ணப்பம் பலிக்கவில்லை.

இத்தோல்விகளின் பின்னர் அவர் என்ன செய்தார் என்பதே இங்கே கருதத்தக்கது. சோர்ந்து ஒதுங்கினாரல்லர்; தாம் தொடங்கியதைப் பிறர் கெடுத்தனர் எனப் பணியைக் கைவிட்டாருமல்லர். ஆங்கிலப் பாடசாலை மூடப்பட்ட அக்காலத்தையடுத்து யாழ்ப்பாணத்திலே பஞ்சமும் வாந்திபேதியும் பரவியபோது, பொருள் திரட்டிக் கஞ்சி வார்ப்பித்தார். 1879ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதன் நியமிக்கப்படுதல் வேண்டும் எனக் கூட்டங்கூட்டி உழைத்தார். அவ்வாண்டு டிசெம்பர் மாதம் 5ஆந் திகதி, ஐம்பத்தேழாவது வயது நிரம்புமுன்னே, சிவபதமடைந்தார். அவர் தமக்கென விட்டுச்சென்ற சொத்து இல்லை. வண்ணார்பண்ணையிலும் சிதம்பரத்திலும் பாடசாலைகள், அச்சியந்திரசாலை, நூல்கள், மாணவர் ஆகியனவே அவர் விட்டுச்சென்றவை.

அன்று கணக்குப் பார்த்த ஒருவர் அவரது முயற்சிகளுட் பாதி தோல்வி என்றே எழுதியிருப்பார். பின்னர் நடந்தவற்றை நோக்கின் அக்கணக்கு மாறிவிடுகின்றது. 1888ஆம் ஆண்டிலே சைவபரிபாலன சபை தோன்றிற்று. அடுத்த ஆண்டிலே ‘இந்துசாதனம்’ வெளிவந்தது. 1890ஆம் ஆண்டிலே அச்சபையின் பொறுப்பில் வண்ணார்பண்ணையில் நிலைபெற்ற இந்து உயர்தரப் பாடசாலையே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. பொருளின்மையால் மூடப்பட்ட சைவாங்கில வித்தியாசாலையின் நோக்கம், அவர் மறைந்து பதினோராண்டில், அவ்வூரிலேயே மீண்டும் உயிர்பெற்றது. திருக்கேதீச்சரத்தின் பழைய நிலம் 1890களிலே சைவர் கைக்கு மீண்டது. படிப்படியாகத் திருப்பணிகள் நடந்து 1976ஆம் ஆண்டிலே பெருங்குடமுழுக்கு நிகழ்ந்தது. விண்ணப்பத்துக்கும் குடமுழுக்குக்கும் இடையே நூற்றுநான்கு ஆண்டு. அவர் முன்மொழிந்த இராமநாதனோ 1913ஆம் ஆண்டிலே மருதனார்மடத்தில் மகளிர் கல்லூரியையும், 1921ஆம் ஆண்டிலே திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். பரமேசுவராக் கல்லூரி அமைந்திருந்த அவ்விடத்திலே 1974ஆம் ஆண்டிலே பல்கலைக்கழக வளாகம் தோன்றிற்று. 1879ஆம் ஆண்டுக் கூட்டத்திலே இவற்றுள் எதனையும் நாவலர் எதிர்பார்த்திருத்தல் இயலாது.

இவையாவும் நாவலர் ஒருவராலேயே விளைந்தன என்பது மிகையாகும். சபையை அமைத்தோரும், நிலம் வாங்கினோரும், கல்லூரிகளுக்குப் பொருளீந்தோரும் தத்தம் காலத்திலே தத்தம் துணிவைச் செய்தவர்களே. அச்சு, பிரசங்கம், பாடசாலை என்னும் கருவிகளை மிசனாரிடமிருந்தே அவர் கற்றார் என்பதும் மறுக்கத்தக்கதன்று. இவற்றைக் கூறுவதனால் அவர் பெருமை குன்றாது. பயன் பலர் வழியாக வந்தது என்பதே அவர் நம்பியதற்கு இசைவானது.

வரலாறு அவருடைய எல்லையையும் கூறுதல் வேண்டும். சமயத்திலே பழைய வழக்குகள் பலவற்றை அஞ்சாது கண்டித்த நாவலர், சாதி ஒழுங்கை ஏற்றே எழுதினார். அவர் வழியில் எழுந்த சைவப் பாடசாலைகளும் நெடுங்காலம் தாழ்த்தப்பட்டோராகக் கருதப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கவில்லை. சைவப் பிள்ளைகள் கல்வியிழத்தலாகாது எனத் தம் வாழ்வையே பணயம் வைத்தவர், அப்பிள்ளைகளுள் ஒரு பகுதியாரைக் கருதாது விட்டமை பெருங்குறையே. நாயன்மார் வரலாற்றை எளிய தமிழில் எழுதி எல்லார் கையிலும் வைத்தவர் அவர். அவ்வரலாற்றிலே திருநாளைப்போவாரும் உளர் என்பதனைப் பிற்காலத்தார் எடுத்துக்காட்டிக் கதவுகளைத் திறப்பித்தனர். விதைத்தவர் எண்ணியதற்கு அப்பாலும் விதை விளைவதுண்டு.

முதலிற் கூறிய இரண்டு அளவுகளாலும் 1848ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நோக்கின் முடிவு தெளிவாகும். பதவியைத் துறப்பதற்குமுன் ஈராண்டு ஆயத்தஞ் செய்தார், மாணவரை உருவாக்கினார், மக்கள் மனநிலையைப் பிரசங்கத்தால் அறிந்தார். ஆதலின் அவர் செயல் கண்மூடித்தனமன்று. பாடசாலை மூடப்பட்டபோதும் விண்ணப்பம் கேட்பாரற்றுப் போனபோதும் பணியை விட்டாரல்லர். ஆதலின் அவரைத் தாங்கியது வெற்றியுமன்று. உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய திருநாவுக்கரசர், மீண்டும் புல் முளைக்குமே எனக் கருதி அப்பணியை நிறுத்தவில்லை. பணி அடியவன் பங்கு. பயன் ஆண்டவன் பங்கு. அப்பங்கீட்டை நூலிலே படிப்போர் பலர். மாத ஊதியத்தை விட்டு மறுமாதச் செலவுக்கு வழியறியாத பாடசாலையின் வாயிலிலே நின்று அதனை வாழ்ந்து காட்டியோர் சிலர். அச்சிலருள் நாவலர் ஒருவர்.

இந்துக் கல்லூரிகளிற் பயில்வோரும் பயிற்றுவோரும் இன்று அமரும் வகுப்பறைகள், அவர் கண்டு மகிழாத பயன்கள். தாம் காணாத பயனுக்காக உழைத்த ஒருவரின் உழைப்பால் எழுந்த இடத்திலே இருப்போர்க்கு, தாமும் காணாத பயனுக்காகச் சிறிதேனும் உழைத்தல் கடனாகும்.